மாடியில் யாரும் இல்லை

வெடிக்கடை லைசென்ஸ் விண்ணப்பத்தில் மொத்தம் இருபத்தாறு கேள்விகள். அதில் இருபத்தைந்துக்கு அந்தக் கடைக்காரி உள்ளதை உள்ளபடி பதில் சொல்லிவிடுவாள். கடையின் நீள அகலம் என்ன, எத்தனை கதவு, கதவு எந்தப் பக்கம் திறக்கிறது, எத்தனை கிலோ சரக்கு வைப்பாய், மணல் வாளி எத்தனை, எதிலும் ஓர் எழுத்துப் பொய் கிடையாது. பதினொன்றாவது கேள்விதான் வம்பு. "கடைக்கு மேலேயோ ஒட்டினாற்போலவோ யாராவது வசிக்கிறார்களா?" அதற்கு வருடா வருடம் ஒரே பதில்: "மாடியில் யாரும் இல்லை." அதை முத்து முத்தான கையெழுத்தில் எழுதித் தருவது யார் தெரியுமா? மாடியில் இருக்கிற அண்ணியேதான்.

அண்ணி என்றால் அண்ணன் பெண்டாட்டி இல்லை, புருஷனுடைய அக்கா. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஏதோ ஓர் ஆபீஸில் முப்பது வருடம் டைப் அடித்துவிட்டு ஓய்வு பெற்றவள். கடைக்காரிக்குக் கோழி கிளறின மாதிரிதான் எழுத வரும் என்பதால், விண்ணப்பம் எழுதுகிற வேலை முதல் வருடத்திலிருந்தே அண்ணியிடம் போய்விட்டது. பதினொன்றாவது கேள்வி வந்ததும் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு, "யாரும் இல்லைன்னு நான் எழுதறேன், என்னைப் பார்த்தா உனக்குப் பயமா இல்லையா?" என்று கேட்டுச் சிரிப்பாள். இவளும் சிரிப்பாள். ஒன்பது வருடமாக இந்தச் சிரிப்பு நடந்துகொண்டிருந்தது.

கடை வைத்தபோது புருஷன் இருந்தான். அப்போது எல்லாருமே மாடியில்தான் குடியிருந்தார்கள். வெடிக்கடைக்கு மேலே குடித்தனம் கூடாது என்று சட்டம் சொன்னதும், இரண்டு தெரு தள்ளி மூன்றாவது மாடியில் ஓர் அறையும் சமையல்கட்டுமாக ஒரு வீடு பிடித்து, பெண்கள் இரண்டையும் கூட்டிக்கொண்டு போனார்கள். அண்ணி போகவில்லை. "அந்த ஒத்தை ரூம்ல நான் எங்க படுக்கறது, உங்க ரெண்டு பேருக்கும் நடுவுலயா?" என்று கேட்டாள். நாலு வருடத்துக்கு முன்னால் நெஞ்சுவலி வந்து புருஷன் போய்ச் சேர்ந்தான். லைசென்ஸ் இவள் பெயருக்கு மாறியது. மூத்தவள் நர்ஸ் படிப்பில் கடைசி வருடம், இளையவள் பள்ளிக்கூடத்தில் கடைசி வருடம். சீசனில் நாற்பது நாள் விற்கிறதை வைத்துத்தான் வருடம் முழுக்க அடுப்பெரிய வேண்டும். அந்த நாற்பது நாளுக்கும் அந்த ஒரு காகிதம் வேண்டும். காகிதம் இல்லையென்றால் இளையவளை மேலே படிக்க வைப்பது பற்றிப் பேசவே வேண்டாம்.

இதற்கு நடுவில் அண்ணிக்கு மூட்டு போய்விட்டது. கடையின் பின்கட்டிலிருந்து ஏறுகிற மரப்படி மொத்தம் பதினாலு. அதில் அவள் இறங்கி இரண்டு வருடம் ஆகிறது. சாப்பாடு, மாத்திரை, பத்திரிகை எல்லாம் மேலே ஏறும். பேச்சு மட்டும் ஜன்னல் வழியாகக் கீழே இறங்கும். எதிர்ச்சாரித் தேநீர்க்கடைக்காரரிலிருந்து தபால்காரர்வரை அவள் வாய்க்குத் தப்பினவர் அந்தத் தெருவில் யாருமில்லை.

தணிக்கை நாள் வந்துவிட்டால் மட்டும் மாடியில் ஒரு நாடகம். கட்டிலைக் கழற்றிச் சுவரோரம் சாய்ப்பார்கள். அடுப்பும் பாத்திரமும் பெட்டிக்குள் போகும். துணிக்கொடியை அவிழ்ப்பார்கள். பிறகு காலி அட்டைப்பெட்டிகளை ஆள் உயரத்துக்கு மேல் அடுக்கிச் சுவர் மாதிரி எழுப்புவார்கள். அதற்குப் பின்னால் ஒரு முக்காலி, ஒரு குடுவை தண்ணீர், இருமலுக்கு நாலு மிட்டாய், அப்புறம் அண்ணி. நாடகத்துக்கு டைரக்டரும் அவள்தான். அந்தப் பெட்டி கோணலாக இருக்கிறது, தரையில் முடி கிடக்கிறது பார், சோப்பு வாசனை வருகிறது ஜன்னலைத் திற என்று விரட்டி வேலை வாங்குவாள். இத்தனைக்கும் எந்த அதிகாரியும் படி ஏறினதே இல்லை. கீழே நின்று தலையைத் தூக்கி, "மாடி?" என்பார்கள். "காலிப்பெட்டி சார்" என்பாள் இவள். எழுதிக்கொண்டு தேநீர் குடிக்கப் போய்விடுவார்கள். தெருவே அன்றைக்கு ஊமையாகிவிடும். ஒருத்தரும் ஜன்னலை அண்ணாந்து பார்க்க மாட்டார்கள்.

இந்த வருடம் வந்தவர் மாற்றலாகி வந்த புது அதிகாரி. ஒல்லியான மனுஷர், பேச்சு குறைவு. கையில் ஒரு துணிப்பை. கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தார் என்றுதான் சொல்ல வேண்டும். இரண்டு கதவையும் தானே தள்ளித் திறந்து பார்த்தார். மணல் வாளிக்குள் முழங்கைவரை கையை விட்டு, அடி மணலும் ஈரமில்லாமல் இருக்கிறதா என்று கிளறினார். தீயணைக்கும் சிலிண்டரின் தேதியைப் படித்தார். ஒயரெல்லாம் குழாய்க்குள் போகிறதா என்று நாற்காலி போட்டு ஏறித் தடவினார். மத்தாப்புப் பெட்டியும் சரவெடிப் பெட்டியும் தனித்தனியாக இருக்கிறதைப் பார்த்துத் தலையை ஆட்டினார். கடைசியில், இந்த வாரம் பார்த்த கடைகளிலேயே இதுதான் ஒழுங்கான கடை என்றும் சொல்லிவிட்டார். கடைக்காரிக்கு உச்சி குளிர்ந்துபோயிற்று. அந்த மணலை அவள் தன் கையாலேயே சலித்துக் காயவைத்திருந்தாள்.

"மாடி?" என்றார்.

"காலிப்பெட்டி போட்டிருக்கோம் சார்."

தேநீர் சொல்லலாமா என்று அவள் வாயைத் திறப்பதற்குள் அவர் பையைத் திறந்தார். உள்ளேயிருந்து ஒரு பெரிய பித்தளைப் பூட்டு, முத்திரை குத்திய காகிதப் பட்டைகள், ஒரு பசை டப்பா, ஒரு சின்னத் தூரிகை எல்லாம் வெளியே வந்தன. இந்த வருடம் புது உத்தரவு என்றார். வெடிக்கடைக்கு மேலே இருக்கிற மாடியைச் சீசன் முடிகிறவரை பூட்டி முத்திரை வைக்க வேண்டும். நாற்பத்தைந்து நாள். சாவி ஆபீஸில் இருக்கும். முத்திரையை யாராவது கிழித்தால் லைசென்ஸ் போவதோடு நிற்காது, வழக்கும் வரும்.

கடைக்காரி, சாவியை நானே பத்திரமாக வைத்துக்கொள்கிறேனே என்று கெஞ்சிப் பார்த்தாள். முடியாது என்றார். அவ்வப்போது காலிப்பெட்டி எடுக்க வேண்டியிருக்குமே என்றாள். அப்படியானால் இப்போதே இறக்கிக்கொள்ளுங்கள், அரை மணி நேரம் நிற்கிறேன் என்றார், மனசு நல்ல மனசுதான். பெட்டியை இறக்கினால் பின்னால் இருப்பது தெரிந்துவிடுமே! வேண்டாம் சார், இருக்கட்டும் என்று அவளே அவசரமாகச் சொன்னாள். தன் வாயாலேயே அந்த வழியையும் அடைத்துக்கொண்டாள்.

சாட்சிக்கு ஓர் ஆள் வேண்டுமாம். எதிர்ச்சாரித் தேநீர்க்கடைக்காரரைக் கூப்பிட்டார்கள். அவர் கையைத் துடைத்துக்கொண்டு வந்தவர், பூட்டைப் பார்த்தார், கடைக்காரி முகத்தைப் பார்த்தார், அப்புறம் தன் செருப்பைப் பார்க்க ஆரம்பித்தவர்தான், நிமிரவே இல்லை. மூன்று பேரும் படி ஏறினார்கள். அதிகாரி கதவைத் தள்ளி எட்டிப் பார்த்தார். அட்டைப்பெட்டிச் சுவர் வாகாக நின்றது. பூட்டுவதற்கு முன் சத்தமாகக் கேட்க வேண்டும் என்பது உத்தரவாம். கேட்டார்.

"உள்ளே யாராவது இருக்கீங்களா?"

சத்தமில்லை. அவர் கடைக்காரி பக்கம் திரும்பினார்.

"யாரும் இல்ல சார்" என்றாள் அவள்.

கதவைச் சாத்தினார். கொண்டி போட்டார். பூட்டு டக்கென்று விழுந்தது. அவர் நிதானமாகப் பசை டப்பாவைத் திறந்து, காகிதப் பட்டையில் தடவ ஆரம்பித்தார்.

அவள் மனசு அப்போது ஓடின ஓட்டத்தைச் சொல்லி மாளாது. அவர் போனதும் பின்பக்க ஜன்னல் கம்பியை அறுத்துவிடலாம். வெல்டிங் கடைக்காரர் தெரிந்தவர்தான், வாயைத் திறக்க மாட்டார். நாற்காலியில் உட்காரவைத்துக் கயிறு கட்டி இறக்கலாம். அந்த உடம்பைக் கயிறு தாங்குமா? அண்ணி அறுபத்து மூன்று வயதில் அந்தரத்தில் தொங்குவாளா? சரி, இறக்க முடியாவிட்டால் கம்பி வழியாகச் சாப்பாடு கொடுக்கலாம். நாற்பத்தைந்து நாள்தானே. குளியல் அறை உள்ளேயே இருக்கிறது. இரண்டு வருடமாக அவள் இறங்கவே இல்லையே, என்ன வித்தியாசம்? இப்படி அவள் நினைத்தது நிஜம். மறைத்து என்ன ஆகப் போகிறது? பசை காய்வதற்குள் ஒரு மனுஷியை அடைத்து வைத்து, சோறு போடுகிற ஏற்பாடுவரைக்கும் அவள் போய்விட்டாள். கெட்டவள் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். பயம் வந்தவளுக்குக் கணக்கு அப்படித்தான் ஓடும்.

அதிகாரி பட்டையை ஒட்டி உள்ளங்கையால் நீவிவிட்டார். பையிலிருந்து ஒரு தாளை எடுத்தார். உள்ளே எந்த நபரும் இல்லை என்று உறுதி கூறுகிறேன், கீழே கையெழுத்து. சாட்சிக்குத் தேநீர்க்கடைக்காரரிடம் பேனாவை நீட்ட, அவர் கை நடுங்குகிறது என்று சொல்லி இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார். பேனா கடைக்காரியிடம் வந்தது. அப்போது அதிகாரி மறுபடியும் கேட்டார். இந்தத் தடவை சத்தம் போடவில்லை, அவளுக்கு மட்டும் கேட்கிற மாதிரி, "உள்ள யாரும் இல்லையேம்மா?" என்றார்.

அவள் கதவைப் பார்த்தாள். உள்ளே ஒரு சின்னச் சத்தம்கூட இல்லை. இருமல் இல்லை, முக்காலி நகரவில்லை. ஒரு நிமிஷம் வாயை மூடிக்கொண்டு இருக்கத் தெரியாத பொம்பிளை, தெருவில் போகிற சைக்கிள்காரனைக் கூப்பிட்டு உன் டயரில் காற்று இல்லை என்று சொல்கிறவள், பூட்டு விழுந்த சத்தம் கேட்டும், பட்டை ஒட்டின சத்தம் கேட்டும் மூச்சு விடவில்லை. இவள் கையெழுத்துப் போட்டுவிட்டால் அவள் அப்படியே இருந்துவிடுவாள். தட்டவே மாட்டாள். அது புரிந்ததும் கடைக்காரி பேனாவைத் திருப்பி நீட்டினாள்.

"இருக்காங்க சார்" என்றாள். "எங்க அண்ணி உள்ள இருக்காங்க."

தேநீர்க்கடைக்காரர் விட்ட பெருமூச்சு தெருவரைக்கும் கேட்டிருக்கும். அதிகாரி தான் ஒட்டின பட்டையைத் தானே கிழித்தார். பூட்டைத் திறந்தார். கதவு திறந்ததும் பெட்டிச் சுவருக்குப் பின்னாலிருந்து அண்ணியின் குரல் வந்தது.

"பைத்தியக்காரி, வாயை வச்சுக்கிட்டுச் சும்மா இருக்கத் தெரியாதா உனக்கு?"

பெட்டிகளை விலக்கினார்கள். அண்ணி முக்காலியில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள், முகம் சிவந்து போயிருந்தது. அதிகாரியைப் பார்த்ததும் குரலை மாற்றிக்கொண்டு, தான் ஊருக்குப் போகிற வழியில் பார்த்துவிட்டுப் போக வந்த விருந்தாளி என்றாள். அதிகாரி சாய்த்து வைத்த கட்டிலைப் பார்த்தார், மாத்திரை அட்டையைப் பார்த்தார், அவள் முழங்காலில் சுற்றியிருந்த துணியையும் பார்த்தார். தீப்பிடித்தால் எப்படி இறங்குவீர்கள் என்று மரியாதையாகக் கேட்டார். நீங்கள் ஏறி வந்த படியில்தான் என்றாள் அண்ணி வெடுக்கென்று.

"இறங்கிக் காட்டுங்கம்மா" என்றார் அவர். கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டார்.

அண்ணிக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. கடைக்காரி பிடிக்க வந்த கையைத் தட்டிவிட்டு எழுந்தாள். வாசல்வரை நடந்தாள், அது பரவாயில்லை. முதல் படியில் வலது காலை வைத்து, இடது காலை இழுத்துச் சேர்த்தாள். இரண்டாவது படி. கைப்பிடியை இரண்டு கையாலும் பற்றிக்கொண்டு பக்கவாட்டில் இறங்கினாள். நெற்றியில் வேர்வை கொட்டியது. மூன்று. நாலில் காலை வைத்தவளுக்கு முழங்கால் மடங்க மறுத்துவிட்டது. மேலேயும் போக முடியாமல் கீழேயும் போக முடியாமல் அப்படியே அந்தப் படியில் உட்கார்ந்துவிட்டாள். கீழே கடை முழுக்க அட்டைப்பெட்டி, ஒவ்வொன்றிலும் வெடிமருந்து. கடைக்காரி அந்தப் படியையும் அந்தப் பெட்டிகளையும் ஒன்பது வருடமாகப் பார்க்கிறாள். இரண்டையும் சேர்த்து அன்றைக்குத்தான் பார்த்தாள்.

"எத்தனை நிமிஷம் சார்?" என்று அண்ணியே கேட்டாள், குரலில் பழைய வீறாப்பு இல்லை.

அவர் அவளுக்கு இரண்டு படி மேலே தானும் உட்கார்ந்தார். போன வருடம் வேறோர் ஊரில் வேலை பார்த்ததாகச் சொன்னார். அங்கே இதே மாதிரி ஒரு கடை, இதே மாதிரி மரப்படி. தீப்பிடித்த மூன்றாவது நிமிஷம் படி இல்லையாம். மாடியில் வயதான புருஷன் பெண்டாட்டி இரண்டு பேர்.

"அந்தக் கடை ஃபைல்ல மாடி காலின்னு எழுதினது நான்தாம்மா. கீழ நின்னு கேட்டுட்டு எழுதினேன்."

தேநீர்க்கடைக்காரர்தான் கடைசியில் தன் கடையிலிருந்து கைவைத்த நாற்காலி ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்தார். அண்ணியை அதில் உட்காரவைத்து, முன்னால் அவர், பின்னால் அதிகாரி, பக்கத்தில் கடைக்காரி, மூச்சுத் திணற மீதிப் படிகளை இறங்கினார்கள். ஆபீஸில் முப்பது வருடம் உட்கார்ந்து சேர்த்த எடை, பார்த்துத் தூக்குங்கள் என்றாள் அண்ணி. அவளுக்கு அப்போதும் வாய் ஓயவில்லை.

கீழே வந்து மேஜைமேல் ஃபைலை வைத்து அதிகாரி எழுதினார். இந்த இடத்துக்கு லைசென்ஸ் கிடையாது. சரக்கு எல்லாம் சாயங்காலத்துக்குள் மொத்த வியாபாரியின் கிடங்குக்குத் திரும்பப் போக வேண்டும். பொய் எழுதிக் கொடுத்ததற்கு வழக்குப் போடலாம். அதற்குப் பதில், விண்ணப்பதாரர் தானாகவே உண்மையைத் தெரிவித்தார் என்று எழுதினார். ஊருக்கு வெளியே மைதானத்தில் தனித்தனியாகத் தகரக் கொட்டகை போட்டு விற்க அனுமதி தருகிறார்கள், அதற்கு விண்ணப்பிக்க எட்டு நாள் பாக்கி இருக்கிறது என்றும் சொன்னார். அங்கே யார் வருவார்கள் சார் என்று கேட்க வந்தவள் கேட்காமல் விட்டாள். அவர் பையை எடுத்துக்கொண்டு, அண்ணியைப் பார்த்துத் தலையை ஒரு தரம் தாழ்த்திவிட்டு அடுத்த கடைக்குப் போனார். நாற்காலி இங்கேயே இருக்கட்டும் என்று சொல்லித் தேநீர்க்கடைக்காரரும் போனார்.

கடைக்குள் அவர்கள் இரண்டு பேர்தான். அண்ணி அலமாரிகளைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தாள். இரண்டு வருடத்தில் என்னென்ன இடம் மாறியிருக்கிறது என்று விசாரித்தாள். அப்புறம் சட்டென்று கேட்டாள்.

"முதல் தடவை கேட்டப்ப ஏன் இல்லைன்னு சொன்னே?"

கடைக்காரி தரையைப் பார்த்தாள். பயத்தில் உளறிவிட்டேன் என்று சொல்லியிருக்கலாம், அண்ணியும் நம்பின மாதிரி நடந்துகொண்டிருப்பாள். ஆனால் அன்றைக்கு இன்னொரு பொய் சொல்ல அவளுக்குத் தெம்பில்லை.

"பொண்ணுங்க நினைப்புதான் முதல்ல வந்துச்சு அண்ணி. உங்க நினைப்பு அப்புறந்தான் வந்துச்சு."

அண்ணி நாற்காலிக் கையைத் தடவிக்கொண்டிருந்தாள்.

"எனக்கும் அதுங்க நினைப்புதான் வந்துச்சு. அதான் நான் தட்டல" என்றாள். "ஆனா பூட்டு விழுந்தப்ப ரொம்ப பயந்துட்டேன்டி. செத்துப்போயிட்டேன்னே நினைச்சேன்."

ஒன்பது வருடத்தில் அண்ணி தன்னைப் பற்றிப் பயம் என்று ஒரு வார்த்தை சொல்லி இவள் கேட்டதில்லை. கடைக்காரி அவள் மடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டு ஓவென்று அழுதாள். அண்ணி அழாதே என்று சொல்லவில்லை, முதுகைத் தட்டிக்கொண்டே தானும் அழுதாள். தெருவில் போனவர்கள் பார்த்துக்கொண்டே போனார்கள். பார்க்கட்டும் என்று இருவரும் விட்டுவிட்டார்கள்.

பிறகு கடைக்காரி கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்து, சரக்கைக் கட்டுவதற்கு முன்னால், தெருப்பக்கத்துச் சுவரோரம் இருந்த அலமாரியைக் காலி செய்ய ஆரம்பித்தாள். கட்டில் போடுவதற்கு அந்த இடம்தான் காற்றோட்டமாக இருக்கும்.